கேரோஸ்னு ஒரு பேர், ஆலய ஊழியர் லிஸ்ட்லயும் பானை ஓட்டுலயும்

வேதாகமத்துல எஸ்றா புஸ்தகத்தோட 2ஆம் அதிகாரத்தை ஆசைப்பட்டு உக்காந்து படிக்கிறவங்க ரொம்ப கம்மி. இன்னாரின் புத்திரர், இன்னாரின் புத்திரர்னு பேர் மேல பேரா போய்க்கிட்டே இருக்கும், முக்கால்வாசி பேர் அப்படியே பக்கத்தை திருப்பிட்டு 3ஆம் அதிகாரத்துல பலிபீடம் கட்டுற இடத்துக்கு போயிடுவாங்க. எனக்கு அந்த அதிகாரம்தான் ரொம்ப பிடிக்கும், அதுலயும் 43ல இருந்து 54 வரைக்கும் இருக்கிற வசனங்கள். அங்கதான் நிதனீமியர்னு ஒரு கூட்டத்தோட பேர்கள் வருது. 44ஆம் வசனத்தோட முதல் பேர் கேரோஸ். இந்த போஸ்ட் முழுக்க அந்த பேரைப் பத்திதான்.

முதல்ல நிதனீமியர் யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். எருசலேம் ஆலயத்துல ஆசாரியர் இருந்தாங்க, அவங்களுக்கு உதவியா லேவியர் இருந்தாங்க, அந்த லேவியருக்கு வேலை செய்றதுக்குன்னு தனியா இருந்தவங்கதான் இவங்க. தாவீது ராஜாவும் அவனோட பிரபுக்களும் லேவியரோட வேலைக்காக இவங்களைக் கொடுத்தாங்கன்னு எஸ்றா 8:20 சொல்லுது, பேரே "கொடுக்கப்பட்டவங்க"ங்கிற அர்த்தத்துல வந்ததுதான். அன்னைக்கு அன்னைக்கு என்ன வேலை செஞ்சாங்கன்னு வேதாகமத்துல எங்கயும் விவரமா எழுதல. ஆனா ஒரு ஆலயத்துல தினம் பலி நடக்கணும்னா விறகு வேணும், தண்ணி வேணும், சாம்பலை அள்ளணும், ரத்தம் கழுவணும், இதையெல்லாம் யாரோ ஒருத்தர் செஞ்சுதானே ஆகணும். யோசுவா 9ல கிபியோன் ஊர்க்காரங்க ஏமாத்தி உடன்படிக்கை வாங்கினதுக்காக பலிபீடத்துக்கு விறகு வெட்டவும் தண்ணி எடுக்கவும் வெச்சாங்கன்னு ஒரு கதை இருக்குல்ல, பிற்கால யூத ரபிகள் அந்த கிபியோனியரோட வம்சம்தான் நிதனீமியர்னு சொன்னாங்க. எஸ்றா புஸ்தகத்துல அப்படி எங்கயும் கிடையாது, அது தாவீது கொடுத்தான்னு மட்டும்தான் சொல்லுது. இந்த ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்காம வெச்சுக்கிறது நல்லது, பின்னாடி இது முக்கியமாகும்.

சரி, அந்த லிஸ்ட்டுக்கு வருவோம். பாபிலோன் சிறையிருப்பு முடிஞ்சு, பெர்சிய ராஜா கோரேசு கி.மு. 538 வாக்குல அனுமதி கொடுத்தப்புறம் யூதாவுக்கு திரும்பி வந்தவங்களோட கணக்கு அது. மொத்தம் 42,360 பேர். அதுல ஆசாரியர் நாலு குடும்பம், கூட்டிப் பார்த்தா 4,289 பேர். லேவியர் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 74. நிதனீமியரும் சாலொமோனோட வேலையாட்கள்னு சொல்லப்படுற இன்னொரு கூட்டமும் சேர்ந்து 392 பேர். அதாவது லேவியரை விட அஞ்சு மடங்குக்கும் மேல. யாருக்கு கீழ வேலை செய்யணுமோ அவங்க பெருசா வரல, வேலை செய்றவங்க வந்துட்டாங்க. இடிஞ்சு கிடக்கிற ஊருக்கு, ஆலயமே இல்லாத இடத்துக்கு, ஆலய வேலைக்காரங்க குடும்பத்தோட நடந்து வந்திருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க, பாபிலோன்ல இருந்து யூதாவுக்கு மாசக்கணக்குல நடக்கணும்.

எஸ்றா 2ல நிதனீமியர் குடும்பம்னு 35 இருக்கு, சாலொமோனோட வேலையாட்கள் குடும்பம் 10. ஆக 45 குடும்பத்துக்கு 392 பேர், சராசரியா ஒரு குடும்பத்துக்கு ஒன்பது பேர் கூட வரல. இதே அதிகாரத்துல பாரோஷின் புத்திரர் மட்டும் 2,172 பேர், அவங்களுக்கு கிடைச்சதும் ஒரு வசனம்தான். கேரோசோட வீட்டுல இருந்து வந்தவங்க ஒரு கையளவு ஆட்களா இருந்திருக்கலாம், ஆனாலும் அந்த பேரை எழுதுனவங்க விடல. இதே லிஸ்ட் நெகேமியா 7லயும் வருது, அங்க 32 குடும்பம்தான், அக்கூப், ஆகாப், அஸ்னா மூணும் விட்டுப் போச்சு. கேரோஸ் ரெண்டுலயும் இருக்கான், எபிரெய எழுத்துல மட்டும் நெகேமியால ஒரு எழுத்து கூடுதலா இருக்கு. காப்பி எடுக்கிறவங்க கை மாறி மாறி வந்ததுல இது சகஜம்.

இந்த பேர்களை கொஞ்சம் சத்தமா வாசிச்சுப் பாருங்களேன். சிசெரான்னு ஒரு பேர் இருக்கு, நியாயாதிபதிகள் 4ல இஸ்ரவேலை எதிர்த்து வந்த கானானிய சேனாபதி பேர் அது. ரேத்சீன், இது தமஸ்குல ஆண்ட சீரிய ராஜா பேர். பர்கோஸ், இதுல ஏதோமியரோட தெய்வம் கோஸோட பேர் ஒளிஞ்சிருக்குன்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. மெயூனீமின் புத்திரர்னு வருது, உசியா ராஜா மெகுனியர் மேல போருக்கு போனதா 2 நாளாகமம் 26:7 சொல்லுதே, அதே ஜனங்க. அப்போ இந்த குடும்பங்கள்ல கொஞ்சம் பேராவது போர்ல பிடிபட்டு ஆலயத்துக்கு கொடுக்கப்பட்டவங்களா இருக்கணும்னு சொல்றதுல நியாயம் இருக்கு. இன்னொரு பக்கம் லெபானான்னா நிலா, ஆகாப்னா வெட்டுக்கிளி, பாசெயாக்னா நொண்டி, இதெல்லாம் வீட்டுல கூப்பிடற பேர் மாதிரி, பட்டப்பேர் மாதிரி இருக்கு. ஆசாரியர்கள் பேர்ல வர்ற மாதிரி யாவேங்கிற இஸ்ரவேல் தெய்வத்தோட பேரை வால்ல சேர்த்துக்கிட்ட பேர் இந்த லிஸ்ட்ல ராயாக் ஒண்ணுதான்னு சொல்லலாம். கேரோஸும் அப்படி ஒரு சின்ன பேர்தான், குனியறதுங்கிற வினையோட வேர் எழுத்துகளே இதுலயும் இருக்கு, ஏசாயா 46ல பாபிலோன் தெய்வம் நேபோ குனியுதுன்னு வர்றதும் அதே எழுத்துகள்தான். கூன் விழுந்த ஒரு தாத்தாவோட பேரு குடும்பப் பேரா நின்னுருச்சோன்னு எனக்கு அடிக்கடி தோணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த லிஸ்ட் எல்லாம் பின்னாடி உக்காந்து யாரோ கற்பனையா எழுதினதுன்னு சொல்றவங்க எப்பவும் உண்டு. ஆனா கேரோஸுங்கிற பேர் வேதாகமத்துக்கு வெளிய ஒரு பானை ஓட்டுல இருக்கு.

இஸ்ரேலோட தெற்குல நேகேவ் வறண்ட பூமியில ஆராத்னு ஒரு மேடு இருக்கு. யூதா ராஜாக்கள் காலத்துல அங்க ஒரு எல்லைக் கோட்டை இருந்துச்சு, சுமார் 50 மீட்டருக்கு 50 மீட்டர், பெருசு ஒண்ணும் இல்ல. யோகனான் ஆரோனிங்கிற தொல்லியல் அறிஞர் 1962ல இருந்து 1967 வரைக்கும் அங்க தோண்டினார். கோட்டைக்குள்ளயே ஒரு ஆலயம் கிடைச்சது, உள்ளே மகா பரிசுத்த அறை, அதோட வாசல்ல ரெண்டு சின்ன தூபபீடம். (அந்த தூபபீடத்துல ஒட்டியிருந்த கருப்பு படிவத்தை பரிசோதிச்சு ஒண்ணுல சாம்பிராணியும் இன்னொண்ணுல கஞ்சாவும் இருந்ததா 2020ல ஒரு ஆய்வு வந்து பெரிய நியூஸ் ஆச்சு, அதுக்கு தனி போஸ்ட் போடணும்.) ஆனா எனக்கு அந்த ஆலயத்தை விட பெரிய புதையல் அங்க கிடைச்ச எழுத்துள்ள பானை ஓடுகள். உடைஞ்ச பானைத் துண்டுல மையால எழுதறது அந்தக் காலத்துல சாதாரணம், பாப்பிரஸ் விலை ஜாஸ்தி, ஓடு சும்மா கிடைக்கும். எபிரெயம், அராமிக்னு நூத்துக்கும் மேல அங்க கிடைச்சிருக்கு.

அதுல ஒரு கட்டு கி.மு. 600 வாக்குல உள்ளது, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை கி.மு. 586ல அழிக்கிறதுக்கு கொஞ்ச வருஷம் முன்னாடி. எல்லாம் எலியாசிப்னு ஒருத்தருக்கு வந்த லெட்டர்கள். எஷியாகுவோட மகன் எலியாசிப், அவரோட முத்திரையும் அங்கயே கிடைச்சிருக்கு. கோட்டையோட ஸ்டோருக்கு பொறுப்பா இருந்தவர்னு லெட்டரைப் படிச்சாலே தெரியும், கித்தீமுக்கு இவ்வளவு திராட்சரசம் கொடு, இவ்வளவு அப்பம் கொடு, மாவு கொடு, தேதியை எழுதி வைன்னு ஒரே ஆர்டரா இருக்கும். கித்தீம்னா அங்க கூலிக்கு வேலை பார்த்த கிரேக்க வகை சிப்பாய்கள்னு நினைக்கிறாங்க.

அந்த கட்டுல 18ஆம் நம்பர் ஓடு மட்டும் வேற மாதிரி. எழுதினவர் மரியாதையா ஆரம்பிக்கிறார், "என் எஜமான் எலியாசிபுக்கு, யாவே உன் நலத்தை விசாரிப்பாராக." அப்புறம் சேமரியாகுங்கிறவனுக்கு இவ்வளவு கொடு, ஒரு அளவுக்குறி போட்டிருக்கு. அப்புறம் கேரோசியனுக்கு இவ்வளவு கொடு, இன்னொரு அளவுக்குறி. நீ எனக்கு கட்டளையிட்ட காரியம் நல்லபடியா இருக்கு. ஓட்டைத் திருப்பினா பின்பக்கம் கடைசி ரெண்டு வரி, அவன் யாவேயின் வீட்டில் இருக்கிறான்.

இடம் எவ்வளவு கம்மின்னா எலியாசிப்ங்கிற பேரே பாதியில உடைஞ்சு மீதி அடுத்த வரியில போகுது. "விசாரிப்பாராக"ங்கிற சொல்லும் அப்படியே ரெண்டா உடைஞ்சிருக்கு. அஞ்சாவது வரியில முதல்ல ஒரு அளவுக்குறி, அதை ஒட்டி கேரோசியனுக்குங்கிற சொல், அது மட்டும் உடையாம முழுசா அந்த வரியில உக்காந்திருக்கு. கேரோசியன்ங்கிறதுக்கு எபிரெய எழுத்து குஃப், ரேஷ், சாமெக், யோத். கடைசி யோத்தை எடுத்துட்டா எஸ்றா 2:44ல இருக்கிற அதே மூணு எழுத்து. இன்ன குடும்பத்தைச் சேர்ந்தவன்னு சொல்றதுக்கு எபிரெயத்துல கடைசியில அந்த யோத்தைத்தான் சேர்ப்பாங்க. அவனோட சொந்தப் பேரை எழுதவே இல்ல, கேரோசியன்னு சொன்னா எலியாசிபுக்கு ஆள் யாருன்னு புரியும், அவ்வளவுதான்.

ஆரோனி இதைப் படிச்ச உடனேயே நிதனீமியர் லிஸ்ட்ல இருக்கிற கேரோஸோட இணைச்சுப் பார்த்தார், அதுக்கப்புறம் பலரும் அதை ஏத்துக்கிட்டாங்க. எழுத்து ஒத்துப் போறதாலயும், அதே லெட்டர்ல யாவேயின் வீடுன்னு வர்றதாலயும்தான் இந்த இணைப்பு, அதைத் தாண்டி அந்த ஓட்டுல நிதனீமியன்னு எங்கயும் எழுதல, அதையும் சொல்லிடணும். யாவேயின் வீட்டுல இருக்கிறது யாருங்கிறதுலயும் பேர் இல்ல, "அவன்"னு மட்டும்தான் இருக்கு, கேரோசியன்னும் படிக்கலாம், ரெண்டு பேருக்கும் முன்னமே தெரிஞ்ச வேற ஒருத்தன்னும் படிக்கலாம். அந்த வீடு எதுன்னு மட்டும் பெரும்பாலானவங்க ஒத்துக்கிறாங்க, எருசலேம் ஆலயம்தான். ஏன்னா ஆராத் கோட்டையில இருந்த ஆலயம் இந்த லெட்டர் எழுதறதுக்கு முன்னாடியே மூடப்பட்டு மண்ணுக்கு கீழ போயிடுச்சு.

எனக்கு இதுல பெருசா படறது ஒண்ணுதான். கேரோஸ் வீட்டு ஆள் ஒருத்தன் எருசலேம்ல இருந்து அத்தனை தூரம் தள்ளி ஒரு எல்லைக் கோட்டை ஸ்டோர்ல தன் பங்கை வாங்கறான், அவனுக்கு கொடுன்னு ஒரு அதிகாரி லெட்டர் எழுதறார், சேமரியாகுன்னு யாவே பேரை சுமக்கிற ஒரு யூதாக்காரன் பேருக்கு பக்கத்துலயே இவன் பேரும் வருது. விறகு சுமக்கிற அடிமைன்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்கே, அந்தப் படத்துக்குள்ள இந்த ஆள் அடங்கல.

பாரூக் லெவின்ங்கிற அறிஞர் 1963லயே இதைத்தான் வேற வழியில சொன்னார், நிதனீமியர் அடிமைகள் இல்ல, ஆலயத்தோட சேர்ந்த ஒரு தொழில் குழுன்னு. சிரியா கடற்கரையில உகாரித்னு ஒரு பழைய நகரம், அங்க கிடைச்ச களிமண் பலகைகள்லயும் இதே மாதிரி பேர்ல ஒரு ஊழியர் குழு வருதுன்னு காட்டினார். எதிர் பக்கத்துலயும் ஆட்கள் இருக்காங்க. பாபிலோனியாவுல ஊருக் நகரத்து இஷ்தார் தேவி கோயிலுக்கு கொடுக்கப்பட்டவங்களுக்கு கையில நட்சத்திர சூடு போடுவாங்க, ஓடிப் போனா பிடிக்கிறதுக்கு, நிதனீமியரும் அந்த மாதிரிதான்னு சொல்றவங்க உண்டு. நான் லெவின் பக்கம்தான். காரணம் வேதாகமத்துக்குள்ளயே இருக்கு. பெர்சிய ராஜா அர்தசஷ்டா எஸ்றாகிட்ட கொடுத்த கடிதத்துல ஆசாரியர், லேவியர், பாடகர், வாசல் காவலரோட நிதனீமியர் மேலயும் எந்த வரியும் போடக் கூடாதுன்னு இருக்கு, எஸ்றா 7:24. அடிமைக்கு எவன் வரி விலக்கு எழுதித் தருவான்? நெகேமியா 10ல ஜனங்க எல்லாரும் சேர்ந்து உடன்படிக்கை பண்றாங்க, அந்த வரிசையிலயும் நிதனீமியர் இருக்காங்க, பொண்டாட்டி பிள்ளைங்களோட. நெகேமியா 3ல அவங்க ஓபேல் மேட்டுல, தண்ணீர்வாசலுக்கு எதிர்ல குடியிருந்ததா வருது, ஆலயத்துக்கு ரொம்ப பக்கம், தண்ணி எடுக்கிற வழிக்கும் பக்கம். 11:21ல அவங்களுக்கு மேல விசாரிப்புக்காரங்களா சீகாவும் கிஸ்பாவும் இருந்தாங்கன்னு வருது, சீகாங்கிறது அதே லிஸ்ட்டோட முதல் குடும்பப் பேர்.

அதே எஸ்றா 2ல இன்னொரு விஷயம் இருக்கு, இதைப் படிக்கிறப்ப எல்லாம் கொஞ்ச நேரம் நின்னுடுவேன். 61ல இருந்து 63 வரைக்கும். அபாயா, கோஸ், பர்சிலாய்னு மூணு ஆசாரிய குடும்பம், தங்களோட வம்ச அட்டவணையைத் தேடறாங்க, கிடைக்கல. தீட்டுன்னு சொல்லி ஆசாரிய ஊழியத்துல இருந்து தள்ளி வெச்சுட்டாங்க, பரிசுத்தமானதை சாப்பிடக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. ஆசாரியன் பேர் ரெக்கார்ட்ல இல்ல, கேரோஸோட பேர் இருக்கு. மேல இருந்தவன் எழுதி வைக்கலைன்னு நான் சொல்ல வரல, எழுபது வருஷ சிறையிருப்புல எது தொலைஞ்சாலும் ஆச்சரியம் இல்ல. ஆனா ஆலய வேலைக்காரங்க வீட்டுல தாத்தா பேரை பேரனுக்கு, பேரன் அவன் பேரனுக்குன்னு விடாம பிடிச்சு வெச்சிருந்திருக்காங்க, அதுவும் எவனும் பெருமையா நினைக்காத ஒரு வேலையோட பேரை.

ரொம்ப வருஷம் கழிச்சு எஸ்றா ரெண்டாவது கூட்டத்தைக் கூட்டிட்டு கிளம்பறப்ப அகாவா ஆத்தங்கரையில எண்ணிப் பார்க்கறார், ஒரு லேவியன் கூட இல்ல. காசிப்பியாங்கிற இடத்துக்கு ஆள் அனுப்பறார், அங்க தலைவன் இத்தோ, அவன்கிட்டயும் நிதனீமியர்கிட்டயும் சொல்லி அனுப்பறார். வந்தவங்க லேவியர் 38, நிதனீமியர் 220. அந்த 220 பேரும் பேர் பேரா குறிக்கப்பட்டாங்கன்னு எஸ்றா 8:20 சொல்லுது. அந்த பேர் லிஸ்ட் மட்டும் நம்ம கைக்கு வரல. அது எங்கயாவது கிடைச்சா அதுல கேரோசியன்னு யாராவது இருப்பாங்களான்னு தேடற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மனசு வலிக்கிற பகுதி. கி.பி. 200 வாக்குல தொகுத்த மிஷ்னாங்கிற யூத சட்டத் தொகுப்புல, பாபிலோன்ல இருந்து பத்து வகை வம்சம் ஏறி வந்துச்சுன்னு கித்துஷின் பகுதியில ஒரு வரிசை இருக்கு, ஆசாரியர், லேவியர், இஸ்ரவேலர்னு ஆரம்பிச்சு கீழ போய் முறைகேடான உறவுல பிறந்தவங்களுக்கு அடுத்து நாத்தீன், அதாவது நிதனீமியன். அவங்க இஸ்ரவேலரோட கல்யாணம் பண்ணக் கூடாது, அந்த தடை என்னைக்கும் நீங்காது, ஆணுக்கும் பொண்ணுக்கும். கிபியோனியர் கதையை இவங்க தலையில கட்டினதும் இந்த தடையை நியாயப்படுத்தத்தான்னு எனக்கு தோணுது. வரி விலக்கு வாங்கினவங்க, உடன்படிக்கையில சேர்ந்தவங்க, யாரும் வராதப்ப வந்தவங்க, அவங்க பிள்ளைங்க பொண்ணு கேட்டு போக முடியாத ஜாதியா ஆக்கப்பட்டாங்க. அநியாயம், வேற வார்த்தை கிடையாது. அதே மிஷ்னாவுல ஓராயோத் பகுதியில, முறைகேடா பிறந்தவன் தோரா படிச்சவனா இருந்தா படிக்காத பிரதான ஆசாரியனுக்கு முன்னாடி அவன்தான்னு ஒரு வரி இருக்கு, அதைப் படிக்கிறப்ப கொஞ்சம் மூச்சு வரும், ஆனா கல்யாணத் தடையை அது எடுக்கல.

கடைசியா ஒரு விஷயம். இந்த லிஸ்ட்ல இருக்கிற பேர்கள்ல கேரோஸ் மட்டும் இல்ல, ஆகாபும் ஓட்டுல கிடைச்சிருக்கு. 1935ல யூதாவோட இன்னொரு கோட்டை நகரமான லாகீஷோட வாசல்ல கிடைச்ச ஓடுகள்ல முதல் ஓடு வெறும் பேர் லிஸ்ட், அதுல யாசனியாகுவோட மகன் ஆகாப்னு ஒருத்தன். அப்பா பேர்ல யாவே இருக்கு, மகன் பேர் வெட்டுக்கிளி. ஆக இந்த மாதிரி பேர்கள் வெளியூர்க்காரனுக்கோ அடிமைக்கோ மட்டும் உள்ளது இல்ல, யூதாவுல சாதாரண வீடுகள்லயும் புழங்கின பேர்தான். ஆராத் 16ஆம் நம்பர் ஓட்டோட பின்பக்கம் வெறுமையா இருக்குன்னு அம்பது வருஷமா எல்லாரும் நினைச்சிட்டு இருந்தாங்க, 2017ல விசேஷ ஒளியில படம் எடுத்தப்ப அங்க திராட்சரசம் கேட்டு எழுதின வரிகள் தெரிஞ்சது. மியூசியம் டிராயர்ல இருக்கிற மத்த ஓடுகளையும் ஒவ்வொண்ணா அப்படி படம் எடுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. பாதோன், சீயாகா, நெத்சியான்னு அந்த லிஸ்ட்ல இன்னும் முப்பது பேருக்கு மேல பாக்கி இருக்காங்க.